குணம் சொல்லும் சொற்கள்

வெள்ளவத்தையில் ஆங்கிலம் கற்பிக்கிற இடங்கள் நகைக்கடைகளைவிடச் சற்றுத்தான் குறைவு. இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: ஆட்களுக்கு அந்தஸ்து விற்கின்றன. நகையைத் திரும்ப விற்கலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பித்த இடம் கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், போட்டோகொப்பிக் கடையின் மேல்மாடியில் இருந்தது. அதற்கு முன் அங்கே அழகு நிலையம் நடந்தது. அதை நடத்தியவரும் இந்த வகுப்பை நடத்திய அதே பெண்தான். தலைமயிரை நேராக்குவதைவிட நாக்கை நேராக்குவதில் வருமானம் கூட என்று கண்டுகொண்டு தொழிலை மாற்றியவர். சுவர் நீளத்துக்கு இருந்த கண்ணாடியைக் கழற்றவில்லை. "பேசேக்க தங்கட முகத்தைத் தாங்களே பாத்தால் கொன்ஃபிடன்ஸ் வரும்" என்பார். மாணவர்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். நானும் மிஸ் என்றேன், வேறு வழியில்லாமல்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒரு கப்பல் கம்பனியின் கடிதப் பிரிவில் இருந்தேன். கம்பனி கைமாறியது, புதிதாக வந்தவர்களுக்குக் கடிதம் தேவைப்படவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் மிஞ்சியது ஆங்கிலம். நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த, பிழையில்லாத ஆங்கிலம். அதை நான் ஒருபோதும் மொழியாக நினைத்ததில்லை. மற்றவர்கள் ஏறமுடியாத ஒரு படியாகத்தான் நினைத்தேன். ஒருவர் வாயைத் திறந்து இரண்டு வசனம் பேசினால் போதும், அவரை எந்த இடத்தில் வைப்பது என்று மனம் தானாக முடிவுகட்டிவிடும்.

எங்கள் வகுப்பில் இலக்கணம் கிடையாது. "கிரமர் எண்டால் ஆக்கள் ஓடிப்போயிடுவினம் சேர். எங்களுக்குச் சொல்லுதான் முக்கியம். அன்றாட வாழ்க்கை, சமூக வாழ்க்கை, அதில வாற சொல்லு" என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். கிழமைக்கு ஒரு தலைப்பு. மஞ்சள் தாளில் அச்சடித்து நாற்பது சொற்கள். அந்தத் தலைப்புகளை எல்லாம் அவர் இன்டர்நெட்டிலிருந்து இறக்கியிருந்தார். எங்கே வாழ்கிற மனிதருக்காக எழுதப்பட்டவை என்று பார்க்கவே இல்லை.

காலநிலை என்ற தலைப்பில் பனிக்கட்டி மழைக்கு ஒரு சொல், உறைபனிக்கு ஒரு சொல், பனி உருகிச் சேறாவதற்கு ஒரு சொல். கொழும்பில் இருப்பது இரண்டே காலநிலை, வியர்வையும் வெள்ளமும். அயலவர் என்ற தலைப்பில் புல் வெட்டுவதும், வேலிக்கு மேலால் ஒரு கோப்பை சீனி இரவல் வாங்குவதும் வந்தன. வெள்ளவத்தை அடுக்குமாடியில் அயலவர் என்றால் மேல்மாடிக் குளியலறைத் தண்ணீர் உங்கள் சாப்பாட்டு மேசையில் சொட்டுவது. அதற்கு என்ன சொல் என்று வங்கியில் வேலைசெய்த ஒரு பெண் கேட்டாள். தாளில் இல்லை. மிஸ்ஸிடம் சொன்னேன்.

"அதெல்லாம் நெகட்டிவ் சேர். சந்தோஷமான சொல்லாப் படிப்பியுங்கோ."

படிப்பித்தேன். தெஹிவளையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் பஸ்ஸில் நசுங்கி வந்த பதினைந்து பேருக்கு, கூடாரம் அடித்து மலையேறுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மிஸ்ஸின் தாளைப் பார்த்து எனக்கு இளக்காரம். அதை நம்பிக் கொப்பியில் எழுதுகிறவர்களைப் பார்த்து அதைவிடப் பெரிய இளக்காரம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தப் பெண்மணி வந்து சேர்ந்தது அப்படி ஒரு ஞாயிறு. என்னைவிட நாலைந்து வயது குறைந்தவராக இருக்கலாம். பெண்களுக்கான தையல்கடை வைத்திருந்தார். ஓரமாக ஒதுங்கி உட்காரும் ஆளில்லை, நேரே முன்வாங்கில் வந்து உட்கார்ந்தார். ஏன் ஆங்கிலம் படிக்க வந்தீர்கள் என்று புதியவர்களிடம் கேட்பது வழக்கம். வெளிநாடு, வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்றுதான் பதில் வரும். இவர் வேறு சொன்னார்.

"எனக்குப் பேசறதுக்கு இல்ல சேர். வெளங்கிறதுக்கு. கொழும்பு ஏழுல இருந்தெல்லாம் பெரிய வீட்டு ஆளுங்க பிளவுஸ் தைக்க வர்றாங்க. நான் கீழ குந்திக்கிட்டு ஓரத்துக்கு ஊசி குத்திட்டிருப்பேன். அவங்க என் தலைக்கு மேல இங்கிலீஷ்ல கதைப்பாங்க. என்னப் பத்தித்தான் கதைக்கிறாங்கன்னு தெரியும். என்னன்னு தெரியாது."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். கடையில் காதில் விழுந்ததையெல்லாம் தமிழ் எழுத்தில் அப்படியே ஒலியாக எழுதி வைத்திருந்தார். சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் எல்லாம் ஒரே நூலாக ஓடியது. அதைப் பார்த்ததும் எனக்குள் எழுந்தது இரக்கம் என்று இப்போது எழுதிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எழுந்தது வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

கொப்பியை வாங்கி வகுப்புக்கு உரத்து வாசித்தேன். அவர் எழுதியிருந்த உச்சரிப்பிலேயே, இழுத்து இழுத்து. "ஷீவோண்டண்டஸ்டாண்டெனிவே." பதினைந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் பத்துப் பேருக்கு அதன் அர்த்தம் தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சிரித்தது, இன்றைக்கு அகப்பட்டது தாங்களில்லை என்ற நிம்மதியில்.

"என்ன சேர் அது?" என்று கேட்டார்.

"எப்பிடியும் அவளுக்கு விளங்காது எண்டு சொல்லியிருக்கினம். சரியாத்தானே சொல்லியிருக்கினம்?"

மறுபடியும் சிரிப்பு. கண்ணாடியில் என் முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் கொப்பியைத் திருப்பி வாங்கி, அந்த ஒலிக்கு நேரே அர்த்தத்தைத் தமிழில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனிவேன்னா தனியா என்ன அர்த்தம் சேர்?"

சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அழுதுகொண்டு போயிருந்தால் நான் அவரை அன்றே மறந்திருப்பேன். அவரோ ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி, நேரத்துக்கு முன்னமே வந்து முன்வாங்கில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் தாளை மடித்து அடியில் வைத்துவிட்டுத் தன் கொப்பியைத் திறப்பார். பனிச்சறுக்கு பற்றி நான் பேசிக்கொண்டிருக்கையில் கையை உயர்த்தி, "சேர், ஃபஸ்ஸின்னா என்ன?" என்பார். சின்ன விஷயத்துக்கும் குறை பிடிக்கிறவர். "டச்சின்னா?" சுருக்கென்று கோபம் வருகிறவர். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் மனிதரைப் பற்றிய சொற்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நக்கலை விலையாக வாங்கிக்கொண்டுதான் பதில் சொன்னேன். அவர் நக்கலைக் கேட்டுவிட்டுப் பதிலை எழுதிக்கொள்வார்.

நாலாம் ஐந்தாம் மாதமளவில் 'ஆட்களின் குணம்' என்ற தலைப்பு வந்தது. அந்த ஒரு தாள்தான் எனக்குப் பிடித்த தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வகுப்பிலிருந்தே ஒரு உதாரணம் காட்டுவது என் வழக்கம். கஞ்சன் என்ற சொல்லுக்கு, புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்தவரைக் காட்டினேன். தாளைக் காசு கொடுத்து வாங்காமல் பக்கத்து ஆளின் தாளைப் போனில் படம் எடுக்கிறவர் அவர். பயந்தாங்கொள்ளிக்கு வங்கிப் பெண். வளவளவென்று பேசுபவருக்குப் பின்வரிசையில் இரண்டு பேர். சுட்டப்பட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். காசு கொடுத்து வந்து அவமானத்தையும் வாங்கிக்கொண்டு சிரிக்கிற மனிதரைப்போல மலிவான பிறவி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். அவர்களைச் சிரிக்கவைத்து வயிறு வளர்க்கிற நான் எதில் சேர்த்தி என்று நினைக்கவில்லை.

கடைசிச் சொல் கொண்டிசென்டிங். தன்னை மேலே வைத்துக்கொண்டு, கீழே நிற்பவர்களிடம் குனிந்து பேசுகிற குணம் என்று சொன்னேன். தையல்கடைக்காரர் கையை உயர்த்தினார்.

"இதுக்கு மட்டும் உதாரணம் காட்டல்லையே சேர்?"

"அதுக்கு இந்த வகுப்பில ஆள் இல்லை" என்றேன்.

"சரி சேர்" என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து, பொழுதுபோக்கு என்ற தலைப்பில் ஒவ்வொருவரும் எழுந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். மற்றவர்கள் தாளில் இருந்ததைச் சொன்னார்கள். தோட்டம் இல்லாதவர் தோட்டம் செய்வதாகச் சொன்னார், நீந்தத் தெரியாதவர் நீச்சல் என்றார். இவர் தையலைப் பற்றிப் பேசினார். பொழுதுபோக்கு இல்லை, தொழில், ஆனால் தனக்கு அது இரண்டுந்தான் என்று தொடங்கினார். உடைந்த ஆங்கிலம். ஆனாலும் வசனங்கள் அவருடையவை. ஒரு பெண் அளவு கொடுக்க வந்து நிற்கும்போது மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வாள், அவள் மூச்சை விடும்வரை நான் வேறு ஏதோ செய்வதுபோலக் காத்திருப்பேன், அதற்குப் பிறகுதான் நாடாவைச் சுற்றுவேன் என்று சொல்ல வந்தார்.

சொல்ல நான் விடவில்லை. கடந்த காலம் பிழை என்றேன். ஒருமை பன்மை பிழை என்றேன். மூச்சு என்ற பெயர்ச்சொல்லுக்கும் மூச்சு விடுதல் என்ற வினைக்கும் உச்சரிப்பு வேறு என்று நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். பிழைகளைக் கரும்பலகையில் கோடுகளாகப் போட்டு எண்ணினேன். அவர் முடிக்காமலே உட்கார்ந்தார். அந்த நேரம் கடலோர ரயில் போனது. அதன்பிறகு நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. புதன்கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. கையால் எழுதியது, கோடு போட்ட தாளில், ஆங்கிலத்தில்.

"வாசியுங்கோ சேர்" என்றார்.

வாசித்தேன். தான் ஆறு மாதமாக வகுப்புக்கு வந்ததாகவும், நிறையச் சொற்கள் கற்றுக்கொண்டதாகவும், வந்தபோது ஒரு வசனம்கூடத் தெரியாதிருந்த தான் இன்று இந்தக் கடிதத்தைத் தானே எழுதுவதாகவும் தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு நான். ஆசிரியருக்கு அறிவு இருக்கிறது, ஆனால் அவர் சர்காஸ்டிக், குத்திப் பேசுகிறவர். எங்கள் பிழைகளைத் திருத்துவதில்லை, காட்சிக்கு வைக்கிறார். அவர் கொண்டிசென்டிங். இந்தச் சொல்லுக்கு உதாரணம் வகுப்பில் இல்லை என்றார், அது உண்மை இல்லை. கடைசி வரி: என் வாடிக்கையாளர்கள் எனக்கு விளங்காது என்று நினைத்துப் பேசுகிறார்கள், இவர் எனக்கு விளங்கும் என்று தெரிந்தே பேசினார்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவது வரியில் விடுபட்டிருந்த ஓர் எழுத்தைச் சேர்த்தேன். கை தானாகப் போனது. மற்றபடி கடிதத்தில் பிழை இல்லை. நான் விட்ட பிழைகள்தான் இருந்தன.

மிஸ் கோபிப்பார், வேலையிலிருந்து நிற்பாட்டுவார் என்று காத்திருந்தேன். அவருடைய முகமோ பரிசு விழுந்தவர் முகம்போல இருந்தது.

"எப்பிடி எழுதியிருக்கிறா பாருங்கோ! ஆறே மாசம். வரேக்க குட் மோர்னிங்குக்கு மேல ஒண்டும் தெரியாது. இதைவிட என்ன விளம்பரம் வேணும்?"

"என்னைப் பற்றி எழுதியிருக்கு மிஸ்."

"அது கிடக்கட்டும். நடுவில இருக்கிறதை எடுத்துவிடலாம்."

அன்று பின்னேரமே கடிதத்தின் முதல் பத்தி படமாகப் பிடிக்கப்பட்டு, எங்கள் வகுப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடப்பட்டது. கீழே பெயரை மறைத்து, 'நன்றியுள்ள மாணவி' என்று போட்டிருந்தார். நூறுக்கு மேல் விருப்பங்கள் விழுந்தன.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கதையைச் சொன்னேன். அந்தத் தையல்காரிக்கு வந்த திமிரைப் பார்த்தாயா என்று தொடங்கினேன். கடிதத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, வரி வரியாக வாசித்தாள்.

"என்னத்தைப் பிழையா எழுதியிருக்கிறா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"இல்லையப்பா, எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கிறா. நானெண்டால் இன்னும் ரெண்டு சொல்லுச் சேத்திருப்பன். எனக்குத்தான் அவ்வளவு இங்கிலீஷ் வராதே. நான் வாயைத் திறந்தாலே நீங்கள் முகத்தைச் சுளிப்பியள் எண்டு இருபது வருசமா உங்களோட இங்கிலீஷில ஒரு வசனம் நான் கதைச்சதில்லை."

போனைத் திருப்பித் தந்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கிழமையே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடை ஒரு குறுக்குத் தெருவில், பழைய வீடொன்றின் முன்னறை. இரண்டு மெஷின். உள்ளே தொங்கும் துணிகளுக்கு நடுவே அவர் ஏதோ பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வசனத்தைத் தொடங்கினேன். ஆங்கிலத்தில், மிகத் திருத்தமாக, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று.

பாதியில் அவர் கையைக் காட்டினார்.

"தமிழ்ல சொல்லுங்க சேர். இங்கிலீஷ்ல சொன்னா பாடம் மாதிரி இருக்கு."

தமிழில் அந்த வசனம் எனக்கு வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அதைச் சொல்லிப் பழக்கமே இல்லை என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. கடைசியில், "நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"சரி சேர்" என்றார். பெரிதுபடுத்தவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் கதைப்பது இப்போது விளங்குகிறதா என்று கேட்டேன்.

"வெளங்குது. பாதிக்கு மேல என்னப் பத்தியே இல்ல சேர். அவங்க மாமியாரப் பத்தி, வேலக்காரியப் பத்தி. எல்லாம் கெட்ட பேச்சு. இதுக்கா ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிச்சோம்னு இருக்கு."

அவர் முகத்தில் நான் கண்டது என் முகத்தில் வழக்கமாக இருக்கும் இளக்காரம்தான். அதை வேறொருவர் முகத்தில் பார்க்க நன்றாக இருக்கவில்லை.

கடிதத்தின் ஒரு பகுதி ஃபேஸ்புக்கில் கிடப்பது அவருக்குத் தெரியாது. நான் போனில் எடுத்துக் காட்டினேன். அவர் வாசித்தார். என் மன்னிப்பைக் கேட்டபோது வராத கோபம் அப்போது வந்தது.

"எழுதினது நான். என்னக் கேக்கவே இல்லையே. நான் எங்க நன்றி சொன்னேன்?"

"அவ அப்பிடித்தான்."

"எப்படித்தான்னு நான் எழுதுறேன்." கொப்பியை எடுத்தார். "என்னக் கேக்காமன்னு எழுதத் தெரியும். அவங்க செஞ்சது அது மட்டும் இல்லையே சேர். அதுக்கு ஒரு சொல்லு வேணும்."

வெட்கங்கெட்ட செயல் என்பதற்கு ஒரு சொல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது ஏச்சு. எனக்கு ஏச வேணாம். அவங்க செஞ்சது என்னன்னு சொல்லணும். நான் சொன்னத வெட்டிட்டு, நான் சொல்லாதத சொன்ன மாதிரி காட்டியிருக்காங்க. அதுக்கு ஒரே சொல்லா இல்லையா?"

இருந்தது. மிஸ்ரெப்ரசென்ட். சொன்னேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். எழுத்துக்கூட்டி எழுதிக்கொடுக்கவா என்று கேட்டேன், வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள் நான் எழுதுகிறேன் என்றார். முதல் தடவை ஓர் எழுத்துப் பிழைத்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே அடித்துத் திருத்தினார். அதுவரை எத்தனையோ நூறு சொற்களைப் படிப்பித்திருந்தேன். ஒருவருக்கு அந்த நிமிடமே தேவைப்பட்ட சொல்லைக் கொடுத்தது அதுதான் முதல்.

இரண்டாவது கடிதம் மூன்று வரி என்று பிறகு அறிந்தேன். படம் அடுத்த நாளே பக்கத்திலிருந்து காணாமல் போனது. ஞாயிறு காலை வகுப்புக்கு முன் மிஸ் என்னைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மறித்தார்.

"மிஸ்ரெப்ரசென்ட் எண்ட சொல்லு அவவுக்கு எங்கால வந்தது?"

"ஏன் மிஸ்?"

"எங்கட டொபிக் ஒண்டிலயும் அந்தச் சொல்லு இல்லை. நான் எல்லாத் தாளையும் பாத்திட்டன்."

நான்தான் சொன்னேன் என்றேன். மாணவர்களை ஆறு மாதம் அவமானப்படுத்தியதற்கு ஒரு சொல்லும் சொல்லாத மிஸ், ஒரே ஒரு சொல்லைச் சரியான இடத்தில் கொடுத்ததற்காக அன்றே என்னை நிற்பாட்டினார். வகுப்பில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக்கடைக்காரர் மட்டும் எழுந்து வாசல்வரை வந்தார். மரியாதைக்கு என்று நினைத்தேன். அந்தக் கிழமைத் தாளை என் கையில் கண்டு, இனி உங்களுக்குத் தேவைப்படாதுதானே சேர் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வெளிநாட்டுத் தூதரகங்களுக்கான கடிதங்கள். தூதரகக் கடிதங்களில் மக்கள் எழுதச் சொல்லிக் கேட்கிற பொய்களைப் பற்றித் தனியாக எழுதலாம். இளக்காரம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் அந்தப் பொய்களில் ஒன்றாகிவிடும். போகவில்லை. காது இன்னும் பிழையைத்தான் முதலில் பிடிக்கிறது. வாயைத் திறக்குமுன் ஒரு நொடி நிற்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். சில நாட்களில் அந்த நொடியும் தவறிவிடுகிறது.

என் இடத்துக்கு வெளிநாட்டு உச்சரிப்போடு ஒருவர் வந்திருப்பதாகக் கேள்வி. வகுப்பு இப்போது இரண்டு நேரமாம், இடமில்லாமல் ஆட்கள் மாடிப்படியிலும் உட்காருகிறார்களாம். போன ஞாயிறு மனைவியோடு அந்த ஒழுங்கையால் நடந்து போனபோது மேலேயிருந்து நாற்பது குரல்கள் ஒன்றாகக் கேட்டன. பனிச்சறுக்கில் விழுந்தால் எப்படி எழும்புவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மனைவி சந்தைக்குப் போகும் அவசரத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.